பேறுகால அவசரங்களும் அவசரப் பிரிவும்: செட்டிநாட்டு மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி போன்ற ஊர்களில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், 108 வண்டியின் மருத்துவ உதவியாளர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்ட பக்கம் இது. பேறுகாலச் சிக்கல்களைக் கையாள நாங்கள் நடத்தும் பயிற்சி பற்றி அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. மருந்தளவுகள் மருத்துவப் பணியாளர்களுக்கு மட்டுமே உரியவை.

பிரசவம் மகப்பேறு மருத்துவரின் வேலை. அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு எதற்கு இந்தப் பயிற்சி?

நள்ளிரவில் உதிரம் போகத் தொடங்கிய பெண்ணைக் குடும்பத்தார் விளக்கு எரிகிற முதல் மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் பெரும்பாலும் ஓர் இளம் டியூட்டி டாக்டர், கூடவே இரண்டு செவிலியர்கள். மகப்பேறு மருத்துவர் வீட்டிலிருந்து கிளம்பி வந்து சேர இருபது நிமிடமோ அரை மணி நேரமோ ஆகும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் பாய்கிறது. கருப்பை சுருங்காமல் தளர்ந்து கிடந்தால் அந்த இருபது நிமிடம் உயிரைக் கொண்டுபோகப் போதுமானது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இங்கே 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய அளவில் அது 97. கிராம சுகாதாரச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பல ஆண்டுகள் உழைத்ததன் பலன் அது. அந்த எண்ணிக்கையை இன்னும் கீழே கொண்டுவர வேண்டுமானால், மகப்பேறு மருத்துவர் வந்து சேர்வதற்கு முந்தைய நிமிடங்களில் நாம் கைவைத்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த எண்ணம் புதிதும் அல்ல. உலகெங்கும் நடத்தப்படும் ‘ஆல்சோ’ என்ற மகப்பேறு உயிர்காப்புப் பயிற்சியை 1991-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உருவாக்கியவர்கள் குடும்ப மருத்துவர்கள்.

செட்டிநாட்டுக்கென்று தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. சென்னையிலோ திருப்பூரிலோ கோவையிலோ எட்டு மாதம் பரிசோதனை செய்துகொண்ட பெண், வளைகாப்பு முடிந்ததும் பள்ளத்தூருக்கோ கானாடுகாத்தானுக்கோ வந்துவிடுகிறாள். அவளைப் பார்த்துவந்த டாக்டர் இருநூறு முதல் நானூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார். ஸ்கேன் தாள்கள் மாமியார் வீட்டுப் பீரோவிலும், கணவர் சிங்கப்பூரிலும் இருக்கலாம். இரவில் அவளுக்கு வலிப்பு வந்தால், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் அந்தப் பெரிய வீட்டில் அப்பத்தாவும் அம்மாவும் மட்டுமே இருப்பார்கள். அவசரப் பிரிவுக்கு அவள் முற்றிலும் புது நோயாளி.

ஆகவே எங்கள் பயிற்சியில் முதல் பாடமே, ஏடு எதுவும் இல்லாமல் வருகிற பெண்ணிடமிருந்து இரண்டு நிமிடத்தில் வேண்டியதைக் கேட்டுப் பெறுவதுதான். எத்தனையாவது மாதம், எத்தனையாவது பிரசவம், முன்பு ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்ததா, ரத்த அழுத்தம் இருந்ததா, நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்களா, பனிக்குடம் உடைந்துவிட்டதா, ரத்த வகை என்ன. தாய்சேய் நல அட்டையின் படம் யாராவது ஒருவரின் கைப்பேசியில் நிச்சயம் இருக்கும். அதைக் கேட்கப் பழக வேண்டும். அரசின் கர்ப்பப் பதிவு எண் தெரிந்தால் இன்னும் நல்லது.

குழந்தை பிறந்த பின்னும் அவள் இரண்டு மூன்று மாதம் தாய்வீட்டிலேயே இருக்கிறாள். பிரசவம் வேறோர் ஊரில் நடந்திருக்கலாம். ஆபத்து இங்கே வரும். காய்ச்சல், மூச்சுத்திணறல், தலைவலி, வலிப்பு என்று எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணிடம் அவசரப் பிரிவின் வாசலிலேயே இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? கடந்த ஆறு வாரத்தில் பிரசவமோ கருக்கலைப்போ ஆனதா? குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிற பெண்ணைப் பார்த்தால் பிள்ளை பெற்றவள் என்று தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

பிரசவம் ஆன பெண்ணுக்குத் தலைவலி சாதாரணம்தானே?

‘பச்சை உடம்புக்காரி தலைக்கு ஊற்றிக்கொண்டாள், அதனால் வந்த வலி’ என்று வீட்டில் சொல்வார்கள். அவசரப் பிரிவும் அதே முடிவுக்கு வந்து ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பக் கூடாது. ரத்தக்கொதிப்பால் வரும் பேறுகால வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். மூளையின் சிரை நாளங்களில் ரத்தம் உறைவதும் இந்த வாரங்களில்தான் அதிகம். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால் அந்த ஆபத்து கூடுகிறது. ரத்த அழுத்தம் பார்க்காமல், பார்வை மங்குகிறதா, கை கால் பலவீனம் உண்டா என்று கேட்காமல் அவளை வீட்டுக்கு அனுப்புவது தவறு.

வலிப்போடு வரும் கர்ப்பிணிக்கு முதலில் என்ன செய்வது?

இருபது வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிக்கோ அண்மையில் பிரசவித்தவளுக்கோ வலிப்பு வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது பேறுகால வலிப்புதான். வீட்டார் ஜன்னி என்பார்கள், காற்றுக் கருப்பு என்பார்கள், கையில் இரும்புச் சாவியைத் திணித்திருப்பார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காமல் உமிழ்நீரை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் கொடுத்து, நரம்பில் ஊசிக்கு வழி போடுங்கள்.

அவசரப் பிரிவில் வலிப்பு என்றதும் கை தானாக வழக்கமான வலிப்பு மருந்துகளான லோராசெபாமுக்கும் பெனிட்டாயினுக்கும் போகும். அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. இங்கே முதல் மருந்து மெக்னீசியம் சல்பேட். டயஸெபாம், பெனிட்டாயின் இரண்டையும்விட அது மேலானது என்பது 1995-இலேயே பன்னாட்டு ஆய்வில் தெளிவாகிவிட்டது. வலிப்பு வரும் முன்பே கொடுத்தால் வலிப்பின் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவருகிறது என்று 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘மேக்பை’ ஆய்வு 2002-இல் காட்டியது.

அளவை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் 50 சதவீத ஆம்பூல் ஒன்றில் 2 மில்லியில் 1 கிராம் இருக்கிறது. நான்கு ஆம்பூலோடு 12 மில்லி சலைன் சேர்த்து, மொத்தம் 20 மில்லியை ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மெல்ல நரம்பில் ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் ஐந்து கிராம் ஆழமாகத் தசையில். ஆக மொத்தம் 14 ஆம்பூல். பதினைந்து நிமிடத்துக்குப் பின்னும் வலிப்பு வந்தால் இன்னும் 2 கிராம் நரம்பில். நரம்பு கிடைக்கவில்லை என்றால் தசையில் போடும் 10 கிராமை மட்டுமாவது கொடுத்துவிட்டு அனுப்புங்கள். துணை சுகாதார நிலையச் செவிலியர்களுக்கே அரசு வழிகாட்டுதல் அதற்கு இடம் தருகிறது.

முழங்கால் தட்டினால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு அடங்கினால் கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் மெதுவாக நரம்பில். அது மெக்னீசியம் இருக்கும் அதே பெட்டியில் இருக்க வேண்டும். வேறு அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

ரத்த அழுத்தம் 160/110-ஐத் தொட்டால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதைக் குறைக்கும் மருந்து உள்ளே போக வேண்டும். லேபெட்டலால் 20 மில்லிகிராம் நரம்பில். ஆஸ்துமா இருந்தால் அது வேண்டாம். நிபெடிபின் 10 மில்லிகிராமை விழுங்கக் கொடுக்கலாம்.

உதிரப்போக்கு அதிகமா இல்லையா என்று எப்படிக் கணிப்பது?

கண்ணால் கணித்தால் குறைத்தே சொல்வோம். அனுபவசாலிகளும் அப்படியே. அதனால் பயிற்சியில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளந்து ஊற்றி, ‘எவ்வளவு?’ என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்கிறோம். பாயில், பருத்தித் துண்டில், கடைசியாக ஓர் அரக்கு நிறக் கண்டாங்கிச் சேலையில். இந்தப் பக்கத்து வீட்டுப் பெண்கள் உடுத்தும் அந்தக் கனத்த நூல் சேலை அரை லிட்டரைக் குடித்துவிட்டு வெளியே ஒன்றும் தெரியாமல் கிடக்கும். அன்றோடு எல்லோருக்கும் எடை போடும் வழக்கம் வந்துவிடுகிறது. நனைந்த துணியின் எடையிலிருந்து காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், ஒரு கிராம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லி.

இன்னொன்று நாடித்துடிப்பு. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. எனவே ஒரு லிட்டருக்கு மேல் போன பிறகும் ரத்த அழுத்தம் ஒழுங்காகவே காட்டக்கூடும். அழுத்தம் விழட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாடித்துடிப்பை ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணால் வகுத்து, 0.9-க்கு மேல் வந்தால் ஆபத்து வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அரை லிட்டரே அதிகம்.

உதிரப்போக்கு அதிகம் என்றால் செய்ய வேண்டிய வரிசை என்ன?

வரிசையாகச் செய்வது பழைய முறை. ஒன்று பலிக்கிறதா என்று பார்த்து அடுத்ததற்குப் போவதில்தான் நேரம் போகிறது. 2023-இல் வெளியான ‘இ-மோட்டிவ்’ ஆய்வு இதை அழுத்தமாகச் சொன்னது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் அது நடந்தது. அளவுக்கோடு போட்ட பை விரிப்பால் உதிரத்தை அளந்தார்கள். எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கும், அதற்காக வயிற்றைத் திறக்க நேர்வதும், அதனால் வரும் மரணமும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது.

ஒருவர் கருப்பையைத் தேய்க்கிறார். ஒருவர் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசினும் டிரிப்பும் ஏற்றுகிறார். ஒருவர் உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமைப் பத்து நிமிடத்தில் செலுத்துகிறார். மருத்துவர் நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா, கிழிசல் உண்டா, மூத்திரப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிறார். டிரானெக்சாமிக் அமிலத்தைப் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். 20,000 பெண்களைக் கொண்டு நடந்த ‘உமன்’ ஆய்வு 2017-இல் அதன் பயனை நிறுவியது. ஒவ்வொரு கால் மணி நேரத் தாமதமும் அந்தப் பயனில் பத்தில் ஒரு பங்கைக் கரைக்கிறது. மதுரைக்குப் போய்ச் சேர்ந்த பின் கொடுக்கலாம் என்று ஒத்திப்போட முடியாத மருந்து அது.

கருப்பையைச் சுருக்கும் மற்ற மருந்துகளில், ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு மெத்தில் எர்கோமெட்ரின் கூடாது, ஆஸ்துமா உள்ளவருக்குக் கார்போப்ராஸ்ட் கூடாது. இதைப் பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எதற்கும் அடங்காவிட்டால் கருப்பைக்குள் பலூன். ஆணுறையையும் ரப்பர்க் குழாயையும் இணைத்துச் சலைன் நிரப்பும் முறை வங்கதேச மருத்துவர் சயீபா அக்தர் தந்தது. சில ரூபாயில் முடியும். அதுவும் கைகொடுக்கும்வரை இரு கைகளாலும் கருப்பையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். வண்டியில் போகும்போதும்.

ஆக்சிடோசின் பற்றி ஒரு வார்த்தை. அது 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. செட்டிநாட்டின் பங்குனி, சித்திரை வெயிலில் டிரேயில் நாள் கணக்கில் கிடந்த ஆம்பூலைப் போட்டுவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்வதில் பொருள் இல்லை. மின்தடை வந்தால் குளிர்பெட்டி எங்கே என்பதையும் பயிற்சியில் கேட்போம்.

முதல் மூன்று மாதத்தில் வருபவர்களுக்கு?

வயிற்றுவலியோ மயக்கமோ சொல்லும் பிள்ளை பெறும் வயதுப் பெண் எவருக்கும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. மணமாகாதவள் என்பதாலோ, கருத்தடை செய்தவள் என்பதாலோ விட்டுவிட வேண்டாம். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் வெளியே உதிரம் தெரியாமலே உள்ளே நிரம்பும். அவளைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். பெரியவர்கள் சூழ நிற்கையில் உண்மை வராது.

ஆட்டோவிலோ 108-லோ தலை தெரிந்துவிட்டால்?

வண்டியை நிறுத்துங்கள். ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்க்க முடியாது. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே நல்லபடியாக வந்துவிடும். தலையை மெல்லத் தாங்கி, கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் தளர்த்திவிட்டால் போதும்.

தலை வந்து தோள் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். மேல்வயிற்றை அழுத்தவே அழுத்தாதீர்கள். வீட்டுப் பெண்கள் உதவி என்று நினைத்து முதலில் செய்வது அதுதான். இரு தொடைகளையும் வயிற்றை நோக்கி நன்றாக மடக்கி, அடிவயிற்றின் கீழ்முனையில் உள்ள பூப்பெலும்புக்குச் சற்று மேலே ஒருவர் அழுத்தினால் பெரும்பாலும் விடுபடும். இல்லையேல் பின்பக்கக் கையை முதலில் எடுக்க வேண்டும், அல்லது தாயைக் கை முழங்கால் ஊன்றித் திருப்ப வேண்டும். தொப்புள்கொடி முன்னே இறங்கிவிட்டால், கையுறை போட்ட விரல்களால் குழந்தையின் தலையை மேலே தள்ளிப் பிடித்து, தாயை முழங்கால் மார்பு படும்படி இருத்தி, அறுவை அரங்கு வரை அந்தக் கையை எடுக்காமல் போக வேண்டும்.

பிறந்ததும் துடைத்து, தாயின் மார்பில் தோலோடு தோலாக வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். குழந்தை அழவில்லை, மூச்சு விடவில்லை என்றால் முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். 2009-இல் மத்திய அரசு தொடங்கிய பச்சிளங்குழந்தை உயிர்காப்புப் பயிற்சியின் சாரமும் அந்த ஒரு நிமிடம்தான்.

கர்ப்பிணிக்கு இதயம் நின்றுவிட்டால்?

மார்பை அழுத்துவதில் மாற்றமில்லை. கருப்பை தொப்புள் அளவுக்கோ அதற்கு மேலோ இருந்தால், ஒருவர் அதை இரு கையாலும் இடப்பக்கம் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய ரத்தக்குழாய்கள் நசுங்கி, அழுத்துவது வீணாகும். நான்கு நிமிடத்தில் துடிப்பு திரும்பவில்லை என்றால், கிடக்கும் இடத்திலேயே வயிற்றைத் திறந்து ஐந்தாவது நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்க வேண்டும். அது முதன்மையாகத் தாயின் உயிருக்காகச் செய்வது. அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. இந்த முடிவை எடுக்கக் கைக்குத் தைரியம் வேண்டும். பொம்மையின் மேல் ஒருமுறையாவது செய்து பார்க்காதவருக்கு அந்தத் தைரியம் வராது.

விலை உயர்ந்த பொம்மைகள் இல்லாமல் பயிற்சி நடத்த முடியுமா?

தாராளமாக. ஒரு செவிலியர் இடுப்பில் கட்டிக்கொண்டு பிரசவிக்கும் பெண்ணாக நடிக்க உதவும் பயிற்சிக் கவசங்கள் இப்போது கிடைக்கின்றன. அதுவும் இல்லையென்றால் துணிப் பொம்மை, சாயத் தண்ணீர், நன்றாக நடிக்கத் தெரிந்த ஒருவர். அம்மாவாக நடிப்பவர் ‘என் மகளுக்கு என்ன ஆச்சு?’ என்று கத்திக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் மருந்தளவைச் சொல்லப் பழக வேண்டும்.

எங்கே நடத்துகிறோம் என்பது பொம்மையைவிட முக்கியம். ஓட்டல் அரங்கில் நடத்தாதீர்கள். உங்கள் அவசரப் பிரிவில், உங்கள் கட்டிலில், உங்கள் அலமாரியைத் திறந்து நடத்துங்கள். மெக்னீசியம் மருந்தகத்தில் பூட்டிக் கிடக்கிறது, சாவி வைத்திருப்பவர் எட்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உள்ள சவுத்மீட் மருத்துவமனையில் மருத்துவர், செவிலியர் எல்லோரையும் சேர்த்துத் தங்கள் இடத்திலேயே ஆண்டுதோறும் பயிற்சி கொடுத்தார்கள். தோள் மாட்டிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாக இறங்கியது. வருடம் தவறாமல் நடத்தியதுதான் அதன் வலிமை.

ஒருமுறை பயிற்சி எடுத்தால் போதாதா?

போதாது. கைப்பழக்கம் மாதங்களிலேயே மங்கும். அவசரப் பிரிவில் ஆட்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு நாள் வகுப்பு ஒரு தொடக்கம். அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், கால் மணி நேர ஒத்திகை. இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் அது கட்டாயம், ஏனெனில் உண்மையான நோயாளி வருவது அவர்களிடம்தான்.

செவிலியர்களும் வார்டு உதவியாளர்களும் கலந்துகொள்ள வேண்டுமா?

அவர்கள் இல்லாமல் நடத்துவதில் பயன் இல்லை. உதிரம் நிற்கவில்லை என்பதை முதலில் பார்ப்பவர் செவிலியர். ‘டாக்டர், இன்னும் நிற்கவில்லை, 700 மில்லி ஆகிவிட்டது’ என்று அவர் உரக்கச் சொல்லவும், டாக்டர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவும் இருவருக்கும் பயிற்சி வேண்டும். பெரிய டாக்டர் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்ற மரியாதை இந்த ஊர்களில் ஆழமாக வேரூன்றியது. ஒத்திகையில் மூத்த மருத்துவரே வேண்டுமென்று ஒரு மருந்தளவைத் தவறாகச் சொல்வார். யார் திருத்துகிறார்கள் என்று பார்ப்போம். திருத்தும் செவிலியரை எல்லோர் முன்னாலும் பாராட்டுவது என் வழக்கம்.

மேல் சிகிச்சைக்கு அனுப்புவது பாதுகாப்பானது அல்லவா?

அனுப்ப வேண்டியவரை அனுப்பித்தான் ஆக வேண்டும். சிவகங்கையில் 2012 முதலும் புதுக்கோட்டையில் 2017 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முன்பு எல்லாவற்றுக்கும் மதுரை அல்லது தஞ்சாவூர்தான். ஆனால் காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. சீட்டு எழுதிக் கொடுப்பது சிகிச்சை ஆகாது. முதல் ஊசி போட்டு, நரம்பில் இரண்டு வழி திறந்து, கருப்பையைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரை உடன் ஏற்றி, போய்ச்சேரும் இடத்துக்கு நீங்களே போன் செய்த பிறகுதான் வண்டி நகர வேண்டும். போனில் நான்கு செய்தி: யார், இப்போது எப்படி இருக்கிறாள், என்ன கொடுத்தோம், அங்கே என்ன தயாராக இருக்க வேண்டும். ரத்த வகையும் அதில் சேரும்.

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் அவசரப் பிரிவு முழுக்க மாடு முட்டிய காயங்களாக இருக்கும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனி பாதயாத்திரைக் கூட்டத்தால் சாலை அடைபடும். அன்றைக்கும் பிரசவங்கள் நடக்கும். அந்த நாள்களுக்கு மாற்றுப் பாதையையும், கர்ப்பிணிக்கென ஒரு கட்டிலையும் ஒரு செவிலியரையும் முன்னதாகவே ஒதுக்கிவையுங்கள்.

எங்கள் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதில்லை. தொட்டால் சட்டச் சிக்கல் வராதா?

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலுதவிச் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் எந்த மருத்துவரானாலும் அவருடைய கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. செய்ததையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். சம்மதத்துக்கு வெளிநாட்டிலிருக்கும் கணவரின் போனுக்குக் காத்திருக்க வேண்டாம்; வயது வந்த பெண் தன் உடலுக்குத் தானே சம்மதம் தரலாம், அவள் நினைவிழந்து கிடந்தால் உயிர்காக்கும் சிகிச்சையை யாருக்காகவும் நிறுத்திவைக்கத் தேவையில்லை.

சிறிய மருத்துவமனை எங்கிருந்து தொடங்கலாம்?

இரண்டு பெட்டிகளில் தொடங்குங்கள். ஒன்று வலிப்புக்கு: பதினான்கு மெக்னீசியம் ஆம்பூல், சிரிஞ்சுகள், சலைன், கால்சியம், லேபெட்டலால், முழங்கால் தட்டும் சுத்தி. இன்னொன்று உதிரப்போக்குக்கு: பெரிய ஊசிக்குழாய்கள், டிரானெக்சாமிக் அமிலம், கருப்பையைச் சுருக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை, பலூனுக்கு வேண்டியவை, சிறுநீர்க் குழாய், அளவுப் பை, ஆக்சிடோசின் பக்கத்துக் குளிர்பெட்டியில். இரண்டுக்கும் பூட்டு வேண்டாம், காகித முத்திரை போதும். முத்திரை கிழிந்திருந்தால் அந்தப் பணிநேரத்திலேயே நிரப்ப வேண்டும். பக்கத்து ஊர் மகப்பேறு மருத்துவர் ஒருவரை அழைத்து, அடுத்த வாரம் ஓர் இரவுப் பணியில் முதல் ஒத்திகையை வையுங்கள். சாயத் தண்ணீருக்கு நனைக்க ஒரு பழைய சேலையைக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.